பக்கத்து வீட்டுக்காரர் நெற்றியில் என் அரை அணா

போன வருஷம், ஆடிக் காற்று எங்கள் மண்டபம் ஊர் முழுக்க மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாளில் நடந்தது இது. சொல்ல வாயெடுத்தாலே எனக்கு இன்றைக்கும் உடம்பு சூடாகிறது. அதனால் எழுத்தில் கோபம் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அபிராமம் பக்கத்திலிருந்து மாற்று வேட்டிகூட இல்லாமல் கடற்கரைக்குப் பிழைக்க வந்தவன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. கருவாட்டு மூட்டை சுமந்தேன். அப்புறம் அதே கருவாட்டை வாங்கி விற்றேன். இன்றைக்கு என் மண்டியிலிருந்து கேரளா வரைக்கும் சரக்கு போகிறது. சொந்த லாரி, மாடி வீடு எல்லாம் இருக்கிறது. இதில் ஒரு செங்கலுக்குக்கூட நான் இன்னொருத்தன் தயவைத் தேடிப் போனதில்லை.

மூச்சு வாங்குகிறது என்று ராமநாதபுரத்தில் டாக்டரிடம் போனபோது பீடியை விடச் சொன்னார். அன்றைக்கே விட்டேன். மகன்கள் மண்டியைப் பார்த்துக்கொள்கிறார்கள், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பீடிக்குப் போன காசில் பழைய நாணயம் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. பீடிக் காசுக்கு மேல் ஒரு பைசா இதில் போடக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். லட்சக்கணக்கில் கொட்டி ஏலத்தில் எடுப்பவனைப் பெரிய ஆள் என்கிறார்கள். பணம் இருந்தால் எந்த மடையனும் வாங்குவான். பீடிக் காசில் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நான் சேர்த்தேன். மண்டிக் கல்லாவில் விழுகிற சில்லறையைத் தினமும் கொட்டிப் பொறுக்கினேன். கீழக்கரையில் எனக்குப் பழக்கமான பாய் ஒருத்தர், மகன் வளைகுடாவிலிருந்து வரும்போதெல்லாம் அந்த நாட்டுக் காசு ஒன்றை எனக்கு எடுத்து வைப்பார். எல்லாவற்றையும்விட எனக்குக் கை கொடுத்தது ராமேஸ்வரம் கடல்தான். வடக்கிலிருந்து வரும் யாத்திரைக்காரர்கள் தீர்த்தத்தில் முழுகும்போது காசு போடுவார்கள். அந்த மண்ணை அரித்துக் காசு எடுத்துப் பிழைக்கிறவர்கள் அங்கே உண்டு. அதில் ஒரு அம்மா, கடையில் செல்லாத காசையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கும். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து அந்த டப்பாவைக் கிளறுவேன். அப்படிக் கிளறியபோது கிடைத்ததுதான் அந்த அரை அணா.

வெள்ளைக்காரக் கம்பெனி நம்மை ஆண்ட காலத்துக் காசு. செம்பு. நம் பழைய பெரிய ரூபாயைவிட அகலம். இரண்டு சிங்கம் ஒரு கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எந்த வீட்டுப் பூஜைப் பெட்டியில் கிடந்ததோ, யார் கொண்டுவந்து கடலில் போட்டார்களோ, அதிகம் அரிக்காமல் கன்னங்கரேல் என்று இருந்தது. மதுரையில் நாணயம் விற்கிற ஒருத்தரிடம் காட்டினேன். கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்தக் காலத்துலயும் இதை வெளக்கிராதீங்க பெரியவரே. இந்தக் கறுப்புதான் இதுக்கு உசுரு” என்றார். விலைக்கும் கேட்டார். படித்தவன், கடை வைத்திருப்பவன், என்னிடம் கேட்கிறான் பாருங்கள். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிளாஸ்டிக் பை வைத்த ஆல்பம் ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் அதைப் போட்டு வைத்தேன்.

இனி பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். என் மாடியில் கருவாடு காயப்போட்டால் வாடை வருகிறது என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தார். கடற்கரையில் குடியிருந்துகொண்டு கருவாட்டு வாடை என்கிறான் மனுஷன். சண்டை முற்றியபோது தெருவில் நாலு பேர் முன்னால், “கைநாட்டுக்கெல்லாம் மாடி வீடு வந்தா இப்படித்தான்” என்றார். அத்தோடு பேச்சு முறிந்தது. வருஷக்கணக்கில் அந்த வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் போனதில்லை. என் வீட்டிலிருந்தும் யாரும் போகக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

அவர்தான் அன்றைக்குக் காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார். சேதி எனக்கு மண்டிக்கு வந்தது. சரி என்று கேட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் ஆள் இல்லை. கட்டில்மேல் என் ஆல்பம் திறந்து கிடக்கிறது. முதல் பக்கத்துப் பை காலி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பக்கத்து வீட்டுப் பந்தலுக்கு வெளியே நின்று என் வீட்டுக்காரியைச் சைகை காட்டிக் கூப்பிட்டேன். அழுது சிவந்த முகத்தோடு வந்தாள்.

“ஆல்பத்துல இருந்த பெரிய காசு எங்கடி?”

“மெதுவாப் பேசுங்க. துட்டி வீடு.”

“எங்கன்னு கேக்குறேன்.”

“அந்தா, அண்ணன் நெத்தியில.”

எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அகலமான நெற்றி. நடுவில் சந்தனம். அதன்மேல் என் அரை அணா, புதுச் செப்புக்குடம் மாதிரி செக்கச்செவேல் என்று மின்னிக்கொண்டிருந்தது.

“ஒத்த ரூவாக் காசு வச்சாக. இப்ப வர்ற காசு சிறுசாவுல இருக்கு, நிக்காம வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. அந்தக்கா என்னையப் பாத்து, பெரிய காசு ஏதும் வச்சிருக்கியான்னு கேட்டாக. புருசனைப் பறிகுடுத்துட்டு நிக்கிறவகட்ட இல்லைன்னு சொல்லச் சொல்றீகளா?”

“அதுக்கு இதுவா கெடச்சுச்சு?”

“பளபளன்னு இருந்த ஒண்ணையும் நான் தொடலையே. இருக்கிறதுலயே கறுத்துப்போயிக் கெடந்ததைத்தான் எடுத்தேன். அதையும் அழுக்கோட குடுக்கலை. புளி போட்டுத் தேச்சு வெளக்கித்தான் குடுத்தேன்.”

நூறு ரூபாய்க்கும் பெறாத புதுக் காசுகளை விட்டுவிட்டு இதை எடுத்திருக்கிறாள். எடுத்ததும் பற்றாதென்று புளி. அதோடு இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. “அண்ணன்”, “அந்தக்கா” என்று வாய் நிறைய வருகிறதே, இத்தனை வருஷமும் நான் மண்டிக்குப் போனதும் மதில் ஓரமாக இவள் அந்த வீட்டோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என் சொல் தெருவில் செல்லும், மண்டியில் செல்லும், என் வீட்டுக்குள் செல்லவில்லை.

கத்த முடியவில்லை. பந்தலில் அத்தனை பேர் இருக்கிறார்கள். நெற்றிக்காசு கடைசியில் மயானத்தில் வேலை பார்க்கிறவருக்குச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அவர் கையில் ஏதாவது கொடுத்து வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சாயங்காலம் எடுத்தபோது, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தேன்.

நான் நடப்பதை ஊரே பார்த்தது. பேச்சு வார்த்தை இல்லாதவர் மயானம் வரைக்கும் வருகிறாரே, மனுஷன் மனுஷன்தான் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. இறந்தவருடைய மகன் சென்னையில் வேலை பார்க்கிறவன், அன்றைக்கு விமானத்தில் மதுரை வந்து ஓடிவந்திருந்தான். தீச்சட்டியோடு முன்னால் போனவன் திரும்பி என்னைப் பார்த்தான். மயானத்தில் பாடையை இறக்கியதும் நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். “மாமா, நீங்க வருவீகன்னு நான் நெனைக்கவே இல்லை” என்று தேம்பினான். என் கண் அவன் அப்பா நெற்றியில் இருந்தது.

எங்கள் ஊர் மயானம் கடலை ஒட்டி இருக்கிறது. காற்று ஆளைத் தள்ளுகிறது. சொந்தக்காரர்கள் வாய்க்கரிசி போட்டு முடித்ததும் மகன் என்னைக் கூப்பிட்டான். “மாமா, நீங்களும் போடுங்க.” அத்தனை பேரும் வழி விட்டார்கள். அரிசியை அள்ளிக் குனிந்தேன். சந்தனம் காற்றில் காய்ந்து, காசு லேசாக வழுக்கிப் புருவத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. விரல் நீட்டினால் போதும். கீழே விழுந்துவிட்டது என்று எடுத்து மடியில் போட்டால் கேட்பாரில்லை. ஆனால் என் கை என்ன செய்தது தெரியுமா, கட்டைவிரலால் அந்தக் காசை மேலே நகர்த்தி நெற்றியில் அழுத்தி வைத்தது. உயிரோடு இருந்தபோது அந்த மனுஷனை நான் தொட்டதே இல்லை. நெற்றி சில்லென்று இருந்தது. பின்னால் யாரோ விம்மினார்கள்.

முகத்தை மூடுவதற்கு முன்னால் மயானத்துக்காரர் அரிசியையும் காசையும் எடுத்துத் துண்டு முனையில் முடிந்துகொண்டார். மகன் கொள்ளி வைத்தான். எல்லோரும் கடலில் குளிக்கப் போனார்கள். நான் மட்டும் பின்தங்கி, மயானத்துக்காரரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டேன்.

“அந்த நெத்திக்காசை எனக்குக் குடுத்துரு. என்ன வேணுமோ கேளு.”

அவர் இரண்டடி பின்னால் போனார். “எதுக்குங்கய்யா?”

“நான் பழைய காசு சேக்குறவன்.”

“இதைக் கேட்டு வர்றவுக யாரு மந்திர மைக்குன்னு சொல்லியிருக்காக, யாரு தாயத்துக்குன்னு சொல்லியிருக்காக? எல்லாரும் இப்படி ஒண்ணைத்தான் சொல்றாக. எறந்தவுகளுக்கும் உங்களுக்கும் ஆகாதுன்னும் கேள்விப்பட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செத்தவன் நெற்றிக்காசை மந்திரவாதிதான் தேடி வருவான் என்பது இந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆகாத ஆள் வந்து கேட்டால் அந்தக் குடும்பத்துக்குச் செய்வினை வைக்கத்தான் என்று நினைக்க மாட்டார்களா? ஆல்பம், மதுரைக் கடை என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அதற்குள் மயானக் கூலி கொடுக்க மகன் ஈர வேட்டியோடு வந்துவிட்டான். “தம்பி, இந்தா உங்கப்பா நெத்திக்காசை இவுக கேக்குறாக” என்று பளிச்சென்று போட்டு உடைத்தார் மயானத்துக்காரர்.

மகன் முகம் மாறியது. எனக்குப் பொறுக்கவில்லை. “ஏலே, நான் என்ன மாந்திரீகம் பண்றவனா? அது என் காசுடா. உங்க அத்தை என்னையக் கேக்காம எடுத்துக் குடுத்துட்டா. ரெண்டு சிங்கம் போட்டிருக்கும், பாரு.”

அவன் காசைக் கையில் வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தலை நிமிராமல் கேட்டான்.

“அப்ப நீங்க இம்புட்டுத் தூரம் வந்தது இதுக்குத்தானா மாமா?”

வியாபாரத்தில் நான் வாய் கூசாமல் எத்தனையோ பேசியிருக்கிறேன். பழைய சரக்கை நேற்று வந்த சரக்கு என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு ஒரே ஒரு “இல்லை” சொல்லியிருந்தால் அந்தப் பையன் மனது ஆறியிருக்கும். மந்திரவாதி என்ற பேர் வந்துவிடுமோ என்ற பயத்திலோ, ரோஷத்திலோ, “ஆமா” என்று சொல்லிவிட்டேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. காசை என் உள்ளங்கையில் வைத்தான். மயானத்துக்காரரிடம் அதற்கு ஈடாகத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். நான் கொடுக்கிறேன் என்றேன். காதில் வாங்காமல் நடந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே என் வீட்டுக்காரி மறித்தாள். பிணத்தின் நெற்றியில் இருந்ததை உள்ளே கொண்டு வந்தால் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அவள்மேல் அப்போது இருந்த ஆத்திரத்தில் போ என்றுதான் சொன்னேன். அவளும் போகவில்லை, காசும் உள்ளே போகவில்லை. மண்டியில் ஒரு டப்பாவில் கிடக்கிறது. படம் எடுத்து மதுரைக்காரருக்கு அனுப்பினேன். “வெளக்கிட்டீங்களா? போச்சு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தப் பையன் ஊருக்கு வரும்போது எங்கள் வாசலில் நின்று, “அத்தை, நல்லா இருக்கீகளா” என்று என் வீட்டுக்காரியை விசாரிக்கிறான். பக்கத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். காலி நாற்காலியைத் தாண்டிப் போகிற மாதிரி தாண்டிப் போகிறான்.

புளி போட்டவள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஊர் நடுவில் கைநாட்டு என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் செத்துப்போன மனுஷன் மேலும் இருக்கிறது. கேட்க வேறு இடம் கிடைக்காமல் மயானத்தில் போய் நின்று கேட்ட என் புத்தி மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்கிறது. காசை இப்போதும் சேர்க்கிறேன், அதை யாருக்காகவும் விடப்போவதில்லை. ஆனால் ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும், அந்தப் பையன் என்னைக் கேட்டதை நானே என்னைக் கேட்டுப் பார்க்கிறேன். உள்ளே இருந்து நல்ல பதில் வராத நாளில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.