ஐந்து பேர் நின்ற படம்

எங்கள் கலை அறக்கட்டளையின் பதிவுகளுக்கு நானே ஒரு கையேடு எழுதினேன். முதல் விதி: படத்தில் இருக்கும் எல்லோர் பெயரும் வர வேண்டும்.

இன்று மதியம் செம்மேட்டில் மேளக் குழு ஐந்து பேரைப் படமெடுக்கப் போனேன். நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள்.

“நெருங்கி நில்லுங்களேன்.”

“ஆவாதுங்க. அது மாரியோட எடம். செத்து ஒரு வருசம் ஆவற வரைக்கும் நாங்க அடைக்கறதில்லீங்க,” என்றார் குழுத் தலைவர்.

போனை உயர்த்தினேன். திரையில் முகங்களைச் சுற்றி மஞ்சள் கட்டங்கள் விழுந்தன.

ஆறு.

“மாரி பேரையும் எழுதிக்கிட்டீங்களா கண்ணு?” என்றார் தலைவர்.

எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது விதி, படத்தில் இருப்பவர் ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். ஐந்து வாங்கிவிட்டேன். ஆறாவதை எப்படி வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.