எண்பத்து நாலாம் நம்பர் மனைக்கு இரண்டு காம்பஸ்

மேற்குத் தாம்பரத்தில் லோகநாதனிடம் வழி கேட்டு மாட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. "பஸ் ஸ்டாண்டு எங்கங்க?" என்று கேட்டால் போதும், மனுஷன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சட்டைக்குள் கையை விடுவார். கறுப்புக் கயிற்றில் தொங்கும் பித்தளைக் காம்பஸ் வெளியே வரும். மூடியைத் திறந்து, முள் ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு, "கிழக்கே போயி தென்கிழக்கா திரும்புங்க" என்பார். இத்தனைக்கும் பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே தெரிந்துகொண்டிருக்கும்.

அந்தக் காம்பஸைக் கல்யாணமான புதிதில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கினார். வெள்ளைக்கார கேப்டன் ஒருத்தர் பர்மா காட்டில் இதை வைத்துத்தான் உயிர் பிழைத்தார் என்று சொல்லி விற்றான் கடைக்காரன். பக்கத்தில் இருந்த இட்லிக் குண்டானும் அதே கேப்டனுடையதுதான் என்றான். லோகநாதன் குண்டானை மட்டும் நம்பவில்லை.

அவருக்குக் குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி ஸ்டோர்ஸில் குமாஸ்தா வேலை. காடு என்று அவர் கண்டது வண்டலூர் ஜூவைத்தான். காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போய், காம்பஸைப் பார்த்துக்கொண்டே நடந்து, மான் கூண்டையே மூன்று தடவை சுற்றினார். பெண்டாட்டி சாமுண்டீஸ்வரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். வீட்டிலும் இதே கூத்துதான். "உப்பு டப்பா அடுப்புக்குத் தெற்கே கீது பாரு" என்பார். "எந்தத் தெற்குல இருந்தா எனக்கு இன்னா? கைக்கு எட்டினா சரி" என்பாள் அவள்.

சாமுண்டீஸ்வரிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, சொந்த வீடு. குடியிருந்த போர்ஷனில் வீட்டுக்கார கங்கம்மா வைத்ததுதான் சட்டம். காலையில் கொஞ்ச நேரம் மோட்டார் ஓடும். அதற்குள் தண்ணீர் பிடிக்காவிட்டால் அன்றைக்குக் குளியல் கிடையாது. உறவுக்காரர்கள் வந்தால் எப்போது போவார்கள் என்று வாசலில் நின்றே கேட்பாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால் காலண்டரைக் கூட ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். பதின்மூன்று வருஷம் அந்த ஜன்னல் கம்பியைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

மனை இல்லாமல் இல்லை. எண்பத்து மூன்றாம் வருஷமே வண்டலூருக்கு மேற்கே ஸ்ரீ குபேர நகர் என்ற லேஅவுட்டில் எண்பத்து நாலாம் நம்பரை வாங்கிப் போட்டிருந்தார் லோகநாதன். வாங்கின அன்றே வாசல் வளைவில் நின்று, மனை வடமேற்கே நேர்கோட்டில் இருப்பதைக் காம்பஸில் பார்த்து வைத்துக்கொண்டார். அப்போது அங்கே வளைவு இருந்தது, ரோடு இருந்தது, மனைக்கு மனை நம்பர் போட்ட கல் இருந்தது. அப்புறம் வேலிகாத்தான் வந்தது. ஒரே முள்ளுக் காடாக வளர்ந்து ரோட்டையும் கல்லையும் விழுங்கிவிட்டது. கடைசி ஏழெட்டு வருஷமாக அவர் தன் மனையை ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். "அதோ சாமுண்டி, அதான் நம்மளுது!" என்று கை நீட்டுவார். அவள் திரும்புவதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போயிருக்கும்.

தொண்ணூற்று ஐந்தில் ஜோசியர் ஒரு குண்டைப் போட்டார். பங்குனி பிறந்தால் லோகநாதனுக்கு அஷ்டமச் சனி. இரண்டரை வருஷத்துக்கு மண்ணில் கை வைக்கக் கூடாது. மாசியில் வருகிற வாஸ்து நாளில் பூமி பூஜை போட்டுவிட்டால் தப்பிக்கலாம். இல்லையென்றால் கங்கம்மாவோடு இன்னும் இரண்டரை வருஷம். சாமுண்டீஸ்வரி அன்று இரவு சாப்பிடவே இல்லை.

இந்த வாஸ்து புருஷன் ஒரு தினுசான சாமி. வருஷம் முழுக்கத் தூங்குவார். சில குறிப்பிட்ட நாள்களில் மட்டும் கொஞ்ச நேரம் எழுந்திருப்பார். பல் விளக்கி, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு மறுபடி படுத்துவிடுவார். சாப்பிடும்போதோ வெற்றிலை போடும்போதோ குழி வெட்டினால் வீடு விளங்கும். படுத்துவிட்டால் அவரை எழுப்ப ஆள் கிடையாது.

அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து சேர்ந்தான் தயாளன், சாமுண்டீஸ்வரியின் தம்பி. இடது மணிக்கட்டில் பெரிய கறுப்புக் கடிகாரம். அதற்குள்ளேயே எலக்ட்ரானிக் காம்பஸ். அதே கையில், ரத்தக் கொதிப்புக்கு நல்லதென்று அந்தக் காலத்தில் எல்லாரும் மாட்டிக்கொண்ட காந்தக் காப்பு ஒன்று.

"முள்ளே இல்ல மாமா. பட்டனை அமுக்குனா நம்பர்ல சொல்லிடும்" என்றான் தயாளன்.

"முள்ளு இல்லாம வடக்கு எப்டிடா தெரியும்?"

"பேட்டரியில."

"பேட்டரி பூட்ச்சின்னா?"

"உங்க கயிறு அறுந்துச்சின்னா?"

லோகநாதன் காம்பஸைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் போய் நின்றார். ஒரு வாரம் இதே பேஜார். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு இரண்டு பேரும் வடக்கு எதுவென்று சண்டை போட்டார்கள். "வடக்கு எங்கயாவது ஓடியா பூடப் போவுது, துன்னுட்டுப் பேசுங்களேன்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

வாஸ்து நாள் வந்தது. பூஜை செய்யத் தட்சிணாமூர்த்தி ஐயரையும் கூட்டிக்கொண்டு நாலு பேரும் குபேர நகரின் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வளைவு இரண்டாக உடைந்து கிடந்தது. அதற்கப்பால் கண்ணுக்கெட்டின மட்டும் முள். கடப்பாரையைக் குடும்பத் தலைவர் தோளில்தான் சுமந்து வரவேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்ததால், மஞ்சள் குங்குமம் வைத்த கடப்பாரை லோகநாதனின் வலது தோளில் இருந்தது. அதற்குக் கீழே நெஞ்சுக்கு நேராகக் காம்பஸைப் பிடித்தார்.

"வாஸ்து புருஷன் எழுந்துட்டார். பல் விளக்கிண்டிருக்கார்" என்று ஐயர் அறிவித்தார்.

"இப்டிப் போவணும்" என்று லோகநாதன் ஒரு பக்கம் கை காட்டினார். "இல்ல மாமா, இப்டி" என்று தயாளன் வேறு பக்கம் காட்டினான். சிங்கப்பூர் சாமானுக்கு மரியாதை கொடுத்து முதலில் அவன் பின்னால் போனார்கள்.

தயாளன் தப்பே செய்யவில்லை. கடிகாரம் வடமேற்கு என்றது, நடந்தான். பள்ளம் வந்து வளைந்தான், அப்போதும் வடமேற்கு என்றது. முள்ளுக்குப் பயந்து பின்னால் திரும்பினான், அப்போதும் அதே வடமேற்கு. காந்தக் காப்பும் கடிகாரமும் ஒரே கையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு என்ன சொல்லும், பாவம்! இவ்வளவு சுத்தமாக நேர்கோட்டில் தான் நடந்ததே இல்லை என்று அவன் பூரித்துக்கொண்டிருந்தபோது, உடைந்த வளைவுக்கே திரும்பி வந்து நின்றார்கள். ஐயரின் அங்கவஸ்திரம் பாதி முள்ளோடு போயிருந்தது.

"குளிச்சாச்சு. பூஜைக்கு உக்காந்துட்டார்" என்றார் ஐயர்.

"என்னாடா தயா இது?" என்று சாமுண்டீஸ்வரி அழாத குறையாகக் கேட்டாள்.

"முள்ளு இல்லாத காம்பஸ்!" என்று சொல்லிவிட்டு லோகநாதன் முன்னால் நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கடப்பாரையைத் தோளோடு அணைத்து, காம்பஸ் முள்ளையே பார்த்தபடி நடந்தார். எங்கோ ஜூவில் சிங்கம் கர்ஜித்தது. "சிங்கம் நமக்குத் தென்கிழக்கே கீது, சரியாத்தான் போறோம்" என்றார். அந்தச் சிங்கம் இவர் வசதிக்காக இன்னொரு தடவை கத்துமா? கத்தவில்லை. போகப் போக முள்ளுச் செடிதான் அதிகமானது. அவருக்கே சந்தேகம் தட்டியது.

"சாப்பிட உக்காந்துட்டார்!" என்று பின்னாலிருந்து ஐயர் கத்தினார்.

எதிரே ஒரு சின்ன வெட்டவெளி வந்தது. லோகநாதன் நின்றார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். சாமுண்டீஸ்வரி கையில் செங்கலும் பூவுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"இதான்" என்றார் லோகநாதன்.

கல்லும் இல்லை, நம்பரும் இல்லை. ஆனாலும் ஐயர் தேங்காயை உடைத்தார், கற்பூரம் காட்டினார். லோகநாதன் கடப்பாரையால் குழி வெட்டினார். சாமுண்டீஸ்வரி உட்கார்ந்து பால் ஊற்றி, செங்கல் வைத்து, பூ போட்டாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. "ஏங்க, சமையக்கட்டு இப்டி வெச்சிக்கலாமா?" என்று கேட்டாள்.

"வெச்சிக்கலாம்" என்றார் அவர்.

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய், வெற்றிப் பெருமையோடு காம்பஸைத் திறந்தார். முள் வட்டத்தில் கால்வாசி சுற்றி வேறு பக்கம் போய் நின்றது. தட்டிப் பார்த்தார். நகரவில்லை. மெதுவாகக் கடப்பாரைப் பக்கம் கொண்டு போனார். முள் நாய்க்குட்டி மாதிரி கடப்பாரையை நோக்கித் திரும்பியது. தள்ளிப் போனால் விலகியது, கிட்டே வந்தால் திரும்பியது. அடப் பாவி கடப்பாரையே! வளைவிலிருந்து இதுவரை அவர் வடக்கைப் பார்த்து நடக்கவில்லை, தன் தோளைப் பார்த்து நடந்திருக்கிறார். சாமுண்டீஸ்வரி மூக்கைச் சிந்திக்கொண்டே, படுக்கையறைக்கு ஜன்னல் எத்தனை என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அவள் சிரித்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அப்போது முள்ளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுக்குரல் கேட்டது.

"ஐயோ, பக்கத்து மனைக்காரங்க போல!" என்று சாமுண்டீஸ்வரி தேங்காய் மூடியும் வாழைப்பழமும் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டாள். பூஜைச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த ஐயரை அங்கேயே விட்டுவிட்டு, மற்ற மூன்று பேரும் இப்படியும் அப்படியும் நுழைந்து சத்தம் வந்த இடத்துக்குப் போனார்கள்.

அங்கே புதிதாக வெட்டின குழி ஒன்று. அதில் பூ, பால், கற்பூரச் சாம்பல். பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர் பொன்னுரங்கம், பல்லாவரத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி தையல்நாயகி விசித்து விசித்து அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாங்க ஆச்சி?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"ஆடு மேய்க்கற அம்மா கை காட்டிச்சி, நம்பி வந்து நாங்களே பூசை போட்டு வெட்டிட்டோம்" என்றார் பொன்னுரங்கம். "ரெண்டாவது வெட்டுல கல்லு மாட்டிகிச்சி. எங்க நம்பரு நூத்தியேழுங்க. இதுல எண்பத்தி நாலுன்னு கீது."

தயாளன் குனிந்து கல்லிலிருந்த மண்ணைத் துடைத்தான். எண்பத்து நாலேதான்.

"ஒரே ரூம்புல மூணு நாத்தனாருங்க கூட இருக்கேங்க" என்று தையல்நாயகி அழுதாள். "இன்னிக்கு வுட்டா அவருக்கு நேரம் சரியில்ல. இனிமே எப்போ?"

சாமுண்டீஸ்வரி கல்லைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள். லோகநாதன், இடி எந்த நிமிஷம் விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவளோ தையல்நாயகியின் தோளைத் தொட்டாள். "அழுவாதம்மா. எங்க மனையில நீ பூசை போட்டுட்ட, அது எங்களுக்கு ஆச்சி. அங்க எங்க குழி ஒண்ணு கீது, யாரு மனையோ தெரியாது. ஐயரும் அங்கியே கீறாரு. வந்து உக்காரு. உங்க நம்பரு கெடச்சா அந்த மண்ணுல ஒரு பிடி எடுத்தாந்து போட்டுக்கோ. பூசை மண்ணுக்குத்தான, நம்பருக்கா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். "ஏங்க, இவங்கள சீக்கிரம் கூட்டினு போங்க."

எல்லாரும் லோகநாதனைப் பார்த்தார்கள். சுற்றிலும் ஒரே மாதிரி முள். எந்தப் புதருக்குள்ளிருந்து வெளியே வந்தோம் என்பது கூடத் தெரியவில்லை. கை தானாகச் சட்டைக்குள் போயிற்று. தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தாள், சாமி வரம் கொடுக்கப் போகிற கையைப் பார்க்கிற மாதிரி. அதை அவரால் தாங்க முடியவில்லை. வெறுங்கையை வெளியே எடுத்தார்.

"எனக்கு வழி தெரியலம்மா" என்றார். "சாமுண்டி, அங்கயும் தெரிஞ்சி சொல்லல. சும்மாதான் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் அவள்.

"தெரிஞ்சேவா உக்காந்த?"

"பதிமூணு வருசமா நின்னுகினே இருந்தனே, காலு வலிச்சிச்சி" என்றாள்.

லோகநாதன் அந்த முள்ளுக்கு நடுவில் முகத்தைப் பொத்திக்கொண்டார். சாமுண்டீஸ்வரி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இரண்டு கைகளையும் வாயில் குவித்து, காடே அதிரும்படி கத்தினாள். "ஐயரே! மணி அடிங்க! நிறுத்தாம அடிங்க!"

அப்புறம் முள்ளுக்குள்ளிருந்து கிணுகிணுவென்று பூஜை மணிச் சத்தம் கேட்டது. கூடவே ஐயர் அலறினார்: "ஓடி வாங்கோ! வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவறார்!"

சாமுண்டீஸ்வரி தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் ஓடினாள். தயாளனும் பொன்னுரங்கமும் பின்னால் ஓடினார்கள். எல்லாருக்கும் கடைசியில் லோகநாதன், மணிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, முள் கிழிக்கக் கிழிக்க ஓடினார்.