குசினிக் கதவால் வந்த வீட்டுக்காரி

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், பங்குக் குருமார் குடியிருந்த அந்தப் பழைய செங்கல் பங்குமனையை ராசன் வாங்கியபோது, மனைவி பேர்பெச்சுவாவுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டத் தேவை இருக்கவில்லை. பதினாறு வருஷம் அதைக் கூட்டித் துடைத்தவளே அவள்தான்.

நூற்று முப்பது வருஷத்துக்கு முந்திக் கட்டியவர்கள், குருவானவருக்கு ஒரு வழி, வேலைக்காரருக்கு ஒரு வழி என்று வைத்திருந்தார்கள். வீதிப் பக்கம் ஆறு படி, கூரான வளைவு, பெரிய ஓக் கதவு. பக்கத்துச் சந்துக்குள் குனிந்து போகிற குசினிக் கதவு. மீன் பொரிக்கிற மணம் படிப்பறைக்கு எட்டாதபடி இடையில் மூன்று கதவுகள்.

குடிவந்து மூன்று மாதமாகியும் பேர்பெச்சுவா குசினிக் கதவாலேயே வந்துபோனாள். படிப்பறைக்குள் போகுமுன் தட்டினாள்.

"உள்ளுக்கை ஆரப்பா இருக்கினம்? ஆயரோ?" என்பார் ராசன்.

"கை தன்ரபாட்டிலை தட்டுது. நான் என்ன செய்ய?"

சிரித்தாலும் மனம் உறுத்தியது. சொந்த வீட்டிலும் வேலைக்கு வந்தவளாகவே இருந்துவிடுவேனோ என்று பயந்தாள். சுவாமி வந்து செபம் சொல்லி வீடு மந்திரித்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பினாள்.

மந்திரிக்கக் குறித்த ஞாயிறு, பக்கத்து நகரமான டோர்ட்மண்டிலிருந்தும் சனம் வந்தது. கார்ச் சத்தம் கேட்டதும் பேர்பெச்சுவா பழக்கதோஷத்தில் சந்துக்குள் நின்று, "இஞ்சாலை வாங்கோ!" என்று கூப்பிட்டாள். முப்பது பேர் சேலையைத் தூக்கிப் பிடித்து, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, குசினிக்குள் நெருக்கியடித்தார்கள். மந்திரிக்க வந்த ஜூலியன் சுவாமி மட்டும் மழைத் தூறலில் முன்கதவு மணியை அடித்துக்கொண்டு நின்றார். மூன்று கதவு தாண்டி அது யாருக்குக் கேட்கும்? கடைசியில் போன் எடுத்தார். பேர்பெச்சுவா ஓடிப்போய்த் திறந்தாள்.

"அக்கா, வெளியாலை வாங்கோ. வீட்டுக்காரர்தான் மெழுகுதிரியோட முன்னுக்குப் போகோணும்."

"நானோ சுவாமி?"

"பின்னை, நானோ இஞ்சை இருக்கப்போறன்?"

எல்லாரும் வெளியே வந்தார்கள். அவள் மெழுகுதிரியோடு ஆறு படியும் ஏறி உள்ளே போனாள். பின்னால் செபம், அதற்கும் பின்னால் சளக் சளக் என்றொரு சத்தம். திரும்பினாள். மெழுகு பூசிய மரத்தரை முழுக்கச் சேற்றுத் தடம். பங்குமனைக்குள் சப்பாத்தோடு போவதுதான் எல்லாருக்கும் பழக்கம். அவளும் பதினாறு வருஷம் வாய் திறக்காமல் துடைத்திருக்கிறாள்.

"நில்லுங்கோ! என்ரை வீட்டுக்குள்ளை ஆரும் சப்பாத்தோட வரேலாது!"

செபம் பாதியில் நின்றது. முதலில் குனிந்தவர் ராசன். சுவாமி சுவரைப் பிடித்தபடி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "இனித் தொடரலாமோ அக்கா?" என்றார்.

"சொக்ஸும் ஈரம், சுவாமி. அதையும் கழட்டுங்கோ."