விரலைப் பார்க்காத டிரைவர்

போன வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலா, பிரஷரா என்று விசாரித்தவர்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் சொல்லிவிடுகிறேன். வெட்கம். வேறொன்றும் இல்லை.

ஹட்டனில் பொலிஸ்காரர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. போதைப்பொருள் பாவித்துவிட்டு வாகனம் ஓட்டுகிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது? சாராயம் என்றால் ஊதச் சொன்னால் போதும், மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். ஐஸ், போதை மாத்திரை எல்லாம் ஊதினால் தெரிகிற சமாச்சாரமா? ஆளைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கண்மணி விரிந்திருக்கிறதா, விரலை நகர்த்தினால் கண் கூடவே வருகிறதா, நேர்கோட்டில் நடந்து திரும்ப முடிகிறதா... இப்படி.

நம் ரோடுகளில் ஓடுகிற டிரைவர்களில் தமிழ் ஆட்கள் நிறைய. அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சிங்களம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள், விடுவேனா? "தலைய ஆட்டாதீங்க, கண்ணால மட்டும் என் விரலப் பாருங்க" என்று வகுப்பையே ஒப்பிக்க வைத்தேன்.

பாடம் நடத்திய டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார் — ஒரே ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

கடைசி நாள், ரோட்டில் செய்து பழக வட்டகொடைப் பக்கம் நின்றோம். முதலில் மறித்த ஆட்டோ செல்வராஜுடையது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றி இறக்குகிறவர். ஸ்கூல் விடும் நேரம், பிள்ளைகளைக் கூட்டிவரத்தான் போய்க்கொண்டிருந்தார்.

சப் இன்ஸ்பெக்டர் ஓர் இளம்பெண். சொல்லிக்கொடுத்த தமிழை அழகாகச் சொல்லி விரலைத் தூக்கினார். செல்வராஜ் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். திரும்பச் சொன்னதும் ஒரு விநாடி நிமிர்ந்தார், மறுபடியும் தரை. முகமெல்லாம் வியர்வை... அந்தக் குளிரில்!

"ஏன் மிஸ், இவர் பார்க்கவே மாட்டேன் என்கிறார்?" என்று சப் இன்ஸ்பெக்டர் என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

'தெரியவில்லை' என்று சொல்லியிருக்கலாம். 'இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்' என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே என்னைக் கூட்டிப் போனார்கள்? நான் சொன்னது இது. சத்தமாக, சிங்களத்தில்: "கண்ணை மறைக்கிறார். என்னத்தையோ எடுத்திருக்கிறார். பிள்ளைகளை ஏற்றுகிற ஆள், விட்டுவிடாதீர்கள்!"

வகுப்பில் கேட்ட பாடம் தலைக்கேறிவிட்டது. போதையில் இருந்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. நான் சொன்னதையெல்லாம் நாலைந்து போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. ஆட்டோவை ஓரங்கட்டி, செல்வராஜை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நானும் கூடப் போனேன்.

"மிஸ், புள்ளைங்க கேட்டுகிட்ட நிப்பாங்க. யாருக்காச்சும் ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க மிஸ்..." வழியெல்லாம் அவர் கேட்டது அது ஒன்றுதான். ஸ்கூலுக்கு நானே போன் பண்ணினேன்.

எல்லாம் சோதித்துவிட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வெளியே வந்தார். ஒன்றுமே இல்லை, ஆள் சுத்தம் என்றார்.

வராந்தா பெஞ்சில் செல்வராஜ் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நிமிர்ந்து பாத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா செல்வராஜ்?" என்றேன். அப்போதும் கேள்வி கேட்கிற திமிரைப் பாருங்கள்!

"யூனிபாம் போட்டவங்க மொகத்த எப்புடிங்க மிஸ் நேருக்கு நேரா பாக்குறது? மொறைக்கிறேன்னு நெனச்சிட்டாங்கன்னா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் எங்கே பிறந்தேன்? தோட்டத் தொழிலாளர் லயத்தில்தானே? காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா பேர் கூப்பிடுவார். என் அப்பா தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துத்தான் "ஐயா" என்பார். நிமிர்ந்து பார்த்தால் திமிர் பிடித்தவன் என்று பெயர்; அன்றைக்கு வேலை கிடைக்காது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சப் இன்ஸ்பெக்டருக்கு இது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும் என்று நம்பித்தானே என்னைக் கேட்டார்?

சப் இன்ஸ்பெக்டர் செல்வராஜிடம் லைசன்சைத் திருப்பிக் கொடுத்து, தமிழிலேயே மன்னிப்பும் கேட்டார். எனக்குத்தான் வாய் வரவில்லை.

இரண்டு நாள் பொறுத்து செல்வராஜின் வீட்டுக்குப் போனேன். ஸ்கூல் போகிற நேரம்... ஆட்டோ வாசலில் சும்மா நிற்கிறது. வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டதாம். தாய்மார் பிள்ளைகளை வேறு வேனில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க மிஸ்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வருகிற டீ அங்கே வரவில்லை. நியாயம்தான்.

சும்மா இருக்க முடியவில்லை. அந்தத் தாய்மாரின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். "பொலிஸ்காரங்க தப்பா நெனச்சிட்டாங்க. ஆஸ்பத்திரியிலயே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. புள்ளைங்கள அவரோடயே அனுப்புங்க" என்றேன்.

கொழுந்து பறிக்கக் கிளம்பி நின்ற ஒரு தாய் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பொலிஸ் சொல்லியிருந்தா நாங்க நம்பியிருக்கவே மாட்டோம் மிஸ். நம்ம ஆளு... நீங்க சொன்னீங்களே, அதான் நம்பிட்டோம்."

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். என் சிங்களத்தில் ஒரு பிழை இல்லை.