நாலாம் ஃபிரெட்டில் மாட்டிய கேப்போ

பேய்க்கதை சொல்பவர்களைக் கேலி செய்தே ஐம்பது வயதைத் தாண்டியவன் நான், கடுகண்ணாவைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது ஊளையிட்டுப் பக்கத்து சீட்டுக்காரர்களை அலற வைத்தவன், அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

வத்தேகமவில் ரோசலின் டீச்சரின் மகளுக்குக் கல்யாணப் பூசை, பாட்டுகளுக்கு நான்தான் கிட்டார். டீச்சருக்குத் தொண்டையில் ஒப்பரேஷன் நடந்ததிலிருந்து குரல் மேலே ஏறாது, ஆனாலும் நற்கருணைப் பாட்டைத் தானே பாட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

"தம்பி, ஜி சுருதிக்கு மேல போனா என் குரல் ஒடஞ்சிரும், சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னுக்கு மானம் போயிரும்" என்றார். அந்தச் சுருதியிலேயே ஒரு வாரம் பழகினோம்.

கல்யாணத்தன்று அதற்கு முந்தைய பாட்டுக்குக் கேப்போ போட்டிருந்தேன். கிட்டார் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்விதான் கேப்போ. விரல் பிடிப்பது அதே ஜி என்றாலும், நாலாம் ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் நாலாவது கட்டையில், மாட்டினால் சத்தம் நாலு அரைச்சுரம் ஏறி பி-யாக வரும். அதைக் கழற்ற மறந்துவிட்டேன். ஃபாதரின் மைக் கீச்சிட்டதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேனே, எங்கே ஞாபகம் வரும்?

டீச்சர் பாடினார். ஓர் இடத்தில்கூடப் பிசிறவில்லை, மகள் அழுதாள், சம்பந்தியம்மாவும் மூக்கைச் சிந்தினார். கடைசிக் கோர்டை அடித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். கேப்போ நாலாம் ஃபிரெட்டில் இருந்தது! "இயேசுவே" என்று நான் போட்ட சத்தத்தை ஃபாதர் பக்தி என்று நினைத்துத் தலையசைத்தார்.

பூசை முடிந்ததும் கீபோர்ட் வாசித்த அன்டனைப் பிடித்தேன்.

"டேய், எந்தச் சுருதியில வாசிச்ச?"

"ஜியிலதான் அண்ணே, பழகின மாதிரி. நீங்க பி-ல அடிச்சிருந்தா நாறிப் போயிருக்குமே!"

கேப்போவைக் காட்டினேன்.

"கம்பிய எறக்கி டியூன் பண்ணியிருப்பீங்க. ஒங்க கோமாளி வேலைய எங்கிட்ட காட்டாதீங்க."

அவன் கண்முன்னாலேயே கேப்போவைத் தொடாமல் அடித்தேன். சுத்தமான பி. கழற்றிவிட்டு அடித்தேன், ஜி. அன்டன் எழுந்து இரண்டு கதிரை தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

பிறகு கல்யாண வீடியோ வந்தது. பத்துத் தடவை பார்த்தேன், பகலில்தான், மனைவியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு. கேப்போ நாலாம் ஃபிரெட்டில், பாட்டு ஜியில். அதைக்கூட விடுங்கள். கேப்போ அழுத்தினால் அதற்குப் பின்னால், முறுக்காணிப் பக்கம் இருக்கும் கம்பித் துண்டுகள் செத்த மாதிரி கிடக்கும், அங்கே அசைவே இருக்காது. வீடியோவில் ஓர் இடத்தில் கேமரா என் கைக்கு வெகு கிட்டே வருகிறது.

அந்த ஆறு துண்டுகளும் அதிர்ந்துகொண்டிருக்கின்றன.