அய்யாக்கண்ணு கேட்ட பிணை

அய்யாக்கண்ணு அண்ணனுக்கு எதைப் பார்த்தாலும் ஆச்சரியம். பினாங்கு ஸ்ட்ரீட்டில் இருக்கும் என் கடைக்கு வந்தால், லேமினேட் மெஷினில் ஒரு பக்கம் தாளை விட்டு மறுபக்கம் எடுப்பதை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். "எப்படிலா பாய் இது, சுருக்கமே விழாம வருது?" என்று கேட்பார். இத்தனைக்கும் அவர் பார்க்காத இயந்திரமா? பினாங்குப் பாலத்தின் கம்பிகளுக்குச் சாயம் அடித்தே தலை நரைத்தவர். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தொடங்கிய இடத்தில் துரு ஏறியிருக்குமாம். அதையும் குறையாகச் சொல்ல மாட்டார். கடல் காற்றுக்கு எவ்வளவு பலம் பாருங்கள் என்பார்.

எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. போட்டோ, போட்டோஸ்டாட், ரோட் டேக்ஸ், விசா என்று நாள் முழுக்க மற்றவர்களின் அவசரத்தைத் தலையில் சுமக்கிறவன் நான். அவர் வந்து உட்கார்ந்தாலே, இன்றைக்கு வேலை நடந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொள்வேன்.

வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவர் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டார். ராமேஸ்வரத்துக்குப் போகிற புதிய ரயில் பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பி வழிவிடும். அவ்வளவுதான், மனுஷன் தூக்கத்தைத் தொலைத்தார். அந்தப் பாலத்தின் கீழே நின்று ஒருமுறையாவது அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றார். சுங்கை பாக்காப் தோட்டத்தில் பிறந்தவர் அவர். இந்தியாவில் தன் முன்னோர்களின் ஊர் எது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அவருக்கு வேண்டியது பாலம்.

மனைவி ருக்குமணி அக்காவுக்கும் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. டிக்கெட்டும் போட்டாயிற்று. அக்கா புதுச் சேலைக்கு ரவிக்கை தைத்து, தெரு முழுக்கச் சொல்லியும் முடித்துவிட்டார். விசா மட்டும்தான் பாக்கி. அண்ணன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வழக்கம்போல ஆற அமர வந்து சேர்ந்தபோது, விண்ணப்பத்தை அனுப்ப அதுதான் கடைசி நாள்.

நான் கணினியில் மளமளவென்று தட்டிக்கொண்டே போனேன். பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், செய்த வேலை எல்லாம் சரி. இந்தியாவில் உங்களைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடிய ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று ஒரு கட்டம் வந்தது. நான் எப்போதும் தங்கப்போகும் ஹோட்டலின் பெயரைப் போட்டுவிடுவேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"இருங்க பாய். அது யாரு?" என்றார்.

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மா ஒரு பேரு. நீங்க தங்குற லாட்ஜ் பேரப் போட்டுர்றேன்."

"அவருகிட்ட கேட்டீங்களா?"

"யாருகிட்ட?"

"லாட்ஜ்காரர்கிட்ட. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் ஒரு தப்பு செஞ்சிட்டேன்னா, அந்த ஆளத்தான தேடுவாங்க? கேக்காம எப்படிலா ஒருத்தர பெஞ்சாமினா போடுறது?"

பெஞ்சாமின் என்றால் நம் ஊர் மலாய்ப் பேச்சில் பிணை நிற்பவர். அண்ணன் அதில் நன்றாகவே அடிபட்டவர். பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டிப் பிடிபட்டபோது கோர்ட்டில் அவனுக்குப் பிணை நின்றார். பையன் வழக்குத் தேதியில் வராமல் பாலிக் புலாவில் ஏதோ டுரியான் தோட்டத்தில் போய் ஒளிந்துகொண்டான். அந்த முள் பழம் தானாக விழும் பருவத்தில் மரத்துக்கு மரம் தலையைக் காப்பாற்றிக்கொண்டு தேடிப் போய் அவனைக் கையோடு கூட்டிவந்தது இவர்தான். பெயரைக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவர் அனுபவத்தில் கற்றது.

இது வேறு, அது வேறு என்று தொண்டை வறளச் சொன்னேன். கேட்டால்தானே! லாட்ஜுக்கே போன் போட்டுவிட்டார். நீங்கள் எனக்குப் பிணை நிற்பீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். எதிர்முனையில் இருந்தவர் பாவம், என்ன செய்வார்? தங்குபவர்களின் நடத்தைக்கு நிர்வாகம் பொறுப்பேற்காது சார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"பாத்தீங்களா? முடியாதுன்னுட்டாரு. இனிமே அவரு பேரப் போட்டா அது பொய்யில்லையா?"

"அண்ணே, ஏன்லா சுசா படுத்துறீங்க, தொல்லையா இருக்கு! நான் போட்டு அனுப்புறேன், நீங்க பேசாம இருங்க."

"வேணாம் பாய். அங்க நமக்குன்னு ஒரு ஆளு இல்ல. இல்லாதவன் போகாம இருக்கறதுதான் நியாயம். பாலத்த நான் போன்லயே பாத்துக்கறேன்."

ருக்குமணி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "வாழ்க்கையில ஒரு தடவ பிளைட் ஏறலாம்னு பாத்தேன். இந்த மனுஷனோட நியாயத்த வச்சிக்கிட்டு நான் பிளாட்லயே கெடக்க வேண்டியதுதான்." அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அப்போதுதான் பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடையில் தே தாரிக் ஆற்றும் ஷேக் அலாவுதீன் தேநீர் கொண்டுவந்தார். ராமநாதபுரம் பக்கத்து ஊரில் இருந்து வேலைக்கு வந்தவர். மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டு இங்கே வேர்வை சிந்துகிறவர். அழுகிற அக்காவைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, ஏதோ பக்கத்துக் கடையில் சில்லறை மாற்றித் தருகிறவர்போல், "எங்க உம்மாட்ட கேட்டுப் பாப்பமா?" என்றார்.

யாரும் பதில் சொல்வதற்குள் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அவருடைய தாய் பெயர் சபுரா பீவி. ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாராம். பின்னால் ஆடு கத்துவதும் கேட்டது. மகன் விஷயத்தைச் சொன்னார். அது வெறும் பெயர்தான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அய்யாக்கண்ணு அண்ணன் என் கையைப் பிடித்து அடக்கிவிட்டுத் தானே பேசினார்.

"அம்மா, வணக்கம். என் பேரு அய்யாக்கண்ணு. உங்ககிட்ட ஒளிக்கக் கூடாது. நீங்க என்னையப் பாத்ததில்ல, என் குடும்பத்தத் தெரியாது. உங்க பேரப் போட்டா, நான் அங்க வந்து ஏதாச்சும் தப்பு செஞ்சேன்னா போலீசு உங்க வாசலுக்குத்தான் வரும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஆடு ஒருமுறை கத்தியது. யாராக இருந்தாலும் இந்த இடத்தில் போனை வைத்துவிடுவார்கள், நானும் வைத்துவிடுவேன்.

"தப்புச் செய்வியளா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மாட்டேம்மா."

"பெறகென்ன? என் பேரப் போடச் சொல்லுங்க."

அண்ணன் போனைப் பார்த்துக் கைகூப்பினார். இந்தக் கட்டத்தில் எத்தனை எத்தனையோ ஹோட்டல் பெயர்களைப் போகிற போக்கில் தட்டியிருக்கிறேன். போலீஸ் வரும் என்று நம்பிக்கொண்டே, முகம் தெரியாத ஒரு ஆளுக்காக ஒரே மூச்சில் தன் பெயரைக் கொடுக்கிற மனுஷியை நான் கண்டதில்லை. உலகத்தில் இப்படியும் ஒரு ஜீவன் இருக்கிறதா என்று மலைத்துப்போனேன். அவர் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு, ஒழுங்காக உட்கார்ந்து தட்டினேன். முகவரியை மகன் சொன்னார்.

"கையெழுத்து எங்க வந்து போடணும் தம்பி? தாலுகா ஆபீசுக்கா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். "பத்து மணி பஸ்சு இருக்கு. முக்காட்டப் போட்டுக்கிட்டு இப்பவே கெளம்பிருவேன்."

"எங்கேயும் வர வேண்டாம் உம்மா. பேரு மட்டும் போதும்."

"பேரு மட்டும் போதுமா?" என்றார். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது.