‘பதிவாகிவிட்டது’ என்ற பொய்

பெரியபட்டினத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவருக்கு நர்ஸ் தாஜுன்னிசா இன்சுலின் போட்டு, கணினியில் ஏற்றிய மறுநொடி கரண்ட் போனது. யூ.பி.எஸ். பழுதாகிக் கிடந்தது. கரண்ட் திரும்பியபோது அந்தப் பதிவைக் காணோம். அடுத்து வேலைக்கு வந்த நர்ஸ் மறுபடியும் ஊசியோடு போய் நின்றாள். ஏற்கெனவே போட்டாச்சு என்று பெரியவர் கையை இழுத்துக்கொண்டதால் பிழைத்தார்.

சேவ் செய்யாமல் எழுந்து போனதாகத் தாஜுன்னிசாவுக்கு மெமோ கொடுத்தார் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் சேதுலட்சுமி.

அந்த மென்பொருள் சென்னைக் கம்பெனி ஒன்றுடையது. அந்தக் கம்பெனிக்காகக் கீழக்கரையில் தன் வீட்டிலிருந்தே நிரல் எழுதிக்கொண்டிருந்தவள் ஃபஸீலா. பக்கத்து ஊர் என்பதால் விசாரித்து அறிக்கை எழுதும் வேலை அவளிடம் வந்தது. பஸ் ஏறிப் போனாள்.

“தட்டுனேன்மா. ‘பதிவாகிவிட்டது’ன்னு பச்சை எழுத்து வந்துச்சு. பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன்” என்றார் தாஜுன்னிசா. குரலில் அழுகை இல்லை, கோபம் இருந்தது. ஃபஸீலாவுக்கு அந்தக் கோபம் பிடித்தது.

மேசைமேல் இருந்தது மேக் கணினி. டாக்டரின் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. கம்பெனியில் எல்லாச் சோதனையும் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில்தான் நடக்கும். சந்தேகம் அங்கே தொடங்கியது.

‘இதை வட்டில் (டிஸ்கில்) எழுதிவிடு’ என்று நிரல் இயங்குதளத்துக்குக் கொடுக்கும் கட்டளைக்கு, அதாவது அழைப்புக்கு, இரண்டிலும் ஒரே பெயர்தான். ஆனால் லினக்ஸ், வட்டில் நிஜமாகவே எழுதி முடிக்கச் சொல்லி, காத்திருந்து ‘சரி’ என்று பதில் தரும். மேக், வட்டிடம் ஒப்படைத்ததுமே ‘சரி’ என்றுவிடும். வட்டு அதைத் தன் தற்காலிக நினைவில் வைத்திருக்கும் அந்த இடைவெளியில் கரண்ட் போனால், போனதுதான். முழுக்க எழுதவைக்க மேக்கில் தனி அழைப்பு உண்டு. கம்பெனியின் நிரலில் அது இல்லை.

குழுத் தலைவர் காளிதாஸிடம் போனில் சொன்னாள்.

“அது பிழை இல்ல ஃபஸீலா. மேக் சிஸ்டம் அப்படித்தான்னு மேன்யுவல்லயே இருக்கு.”

“அப்ப படிக்காம விட்டது நாமதானே சார்?”

“அந்த அழைப்பச் சேர்த்தா சேவ் மெதுவாயிடும். எல்லாரும் கத்துவாங்க. நர்ஸ் சேவ் பண்ணலைன்னு எழுதி முடிச்சிடுங்க.”

“எழுத மாட்டேன் சார்.”

வாடிக்கையாளரிடம் கோளாறைப் பேசக் கூடாது என்பது கம்பெனி விதி. அது தெரிந்தேதான் மறுநாள் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். பழைய விவரங்களைப் பத்திரப்படுத்திவிட்டு, பொய்ப் பெயர் ஒன்றை டாக்டரையே ஏற்றச் சொன்னாள். பச்சை எழுத்து வந்ததும் பிளக்கைப் பிடுங்கினாள். திறந்து பார்த்தால் பெயர் இருந்தது. இன்னொரு தடவையும் இருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஃபஸீலா எழுந்திருக்கவில்லை, மறுபடியும் ஏற்றச் சொன்னாள். அதற்கடுத்த தடவை பெயர் இல்லை.

“நான்தானே சேவ் பண்ணேன்” என்றார் டாக்டர், தனக்குத்தானே.

தனி அழைப்பைச் சேர்த்த நிரலைப் போட்டு எத்தனை முறை பிடுங்கினாலும் பெயர் நின்றது. டாக்டர் தாஜுன்னிசாவை வரவழைத்து மன்னிப்புக் கேட்டார்.

“மெமோவ எழுத்துல குடுத்தீங்க டாக்டரம்மா. இதையும் எழுத்துல குடுங்க.”

எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரமே ஃபஸீலாவின் வேலை போனது. திருத்தத்தை மட்டும் கம்பெனி சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டது. “கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்ல?” என்றான் துபாயிலிருந்து கணவன் நுஃமான்.

“அனுசரிச்சிருந்தா அந்த நர்ஸ் லாத்தாவுக்கு வேலை போயிருக்கும். நாளைக்கு எவருக்கோ உசிரு போயிருக்கும். எனக்கு வேற வேலை கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.”

அடுத்து வந்த நேர்முகத்தில் முந்தைய வேலையை விட்ட காரணத்தைக் கேட்டார்கள். ஒளிக்காமல் சொன்னாள்.

“இங்கயும் அப்படி நடந்தா நேரா கஸ்டமர்கிட்ட போவீங்களா?”

“முதல்ல உங்ககிட்ட வருவேன். நீங்க கேக்கலைன்னா போவேன்.”

அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கடுத்த கம்பெனியிலும் அதையே கேட்டார்கள், அதையே சொன்னாள். அங்கே எடுத்துக்கொண்டார்கள். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் அங்கே அவளுக்கு வேலை.